கண்ணாடி போடவும்

கள்ளிச்செடிப் பண்ணையின் மேலாளருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தாண்டி அது எங்கும் புழங்கியதில்லை. முகத்துக்கு நேரே அவர் 'சார்'. முதுகுக்குப் பின்னால் 'நோட்டீஸ்'.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. வாயால் சொல்லி முடிக்கிற காரியத்தை அவர் வாயால் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. குழாய் சொட்டுகிறது என்றால், 'மூடுப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அறைக்குப் போவார். கதவைச் சாத்துவார். 'நீர் வீணாவது உடனடியாகத் தவிர்க்கப்பட வேண்டும்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு வருவார். அதற்குள் வாளி நிரம்பித் தரையெல்லாம் ஈரமாகியிருக்கும். உடனே, 'தரை வழுக்கும்' என்று இன்னொரு நோட்டீஸ். யார் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவர் எழுத்தில் இருக்காது. அதையெல்லாம் எழுதினால் நோட்டீஸின் கம்பீரம் போய்விடும் என்பது அவர் கட்சி.

பண்ணை வாசலில் ஒரு பெரிய பலகை. 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, கீழே ஓர் எண். தினமும் காலையில் அந்த எண்ணை ஒன்று கூட்டுவது நோட்டீஸின் சொந்தக் கையால் நடக்கும். நானூற்று எண்பதைத் தாண்டியாகிவிட்டது. ஐந்நூறைத் தொட்டால் பண்ணையாளர் சங்கம் பாதுகாப்புக் கேடயம் தரும். கேடயம் வரும் முன்பே அதை மாட்ட அவர் அறைச் சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது.

அத்தனை நாளும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்டால், ஆகாமல் என்ன? முள்ளோடு குடித்தனம் நடத்துகிற இடம். விரலில் ஏறியதும் உண்டு, உள்ளங்கையில் ஒடிந்து நின்றதும் உண்டு, முழங்காலில் சீழ் வைத்து ஒருத்தர் பத்து நாள் நொண்டியதும் உண்டு. அதெல்லாம் பதிவேட்டில் 'கவனக்குறைவு' என்ற பத்திக்குள் போய்விடும். பக்கத்திலிருந்த 'விபத்து' என்ற பத்தி வெள்ளை வெளேரென்று இருந்தது.

கண்ணாடிக் கூரை போட்ட செடி வீட்டில், ஒட்டு மேசையில் வேலை பார்ப்பவரை எல்லோரும் ஒட்டக்கா என்பார்கள். ஒரு கள்ளியின் தலையைச் சீவி இன்னொரு கள்ளியின் கழுத்தில் உட்கார வைத்து, இரண்டும் ஒட்டி வளரும்வரை ரப்பர் பேண்டு மாட்டி இறுக்குவது அவர் வேலை. ரப்பர் பேண்டு நல்ல பிள்ளையாக இருக்கும்வரை ஒன்றுமில்லை. நழுவினால் முள்ளையும் இழுத்துக்கொண்டு நேரே முகத்துக்குத் தெறிக்கும். ஒரு நாள் அப்படித் தெறித்த முள் அவர் புருவத்தில் குத்தி நின்றது. கண்ணுக்கும் அதற்கும் ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஒட்டக்கா நேரே மேலாளர் அறைக்கு வந்தார்.

"சார், கண்ணுக்குக் கண்ணாடி வேணும். ஓரமெல்லாம் மூடின மாதிரி. முன்னால வேலை பார்த்த இடத்துல முள்ளு பட்டு ஒரு கண்ணு போகப் பார்த்துச்சு. மறுபடியும் அந்தக் கூத்து வேண்டாம்."

"கவனமா வேலை செஞ்சா கண்ணாடி எதுக்கும்மா?"

"நான் கவனமாத்தான் இருக்கேன் சார். ரப்பர் பேண்டு கவனமா இருக்கணுமே."

மறுநாள் ஒட்டக்கா தன் வீட்டுக்காரருடைய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒட்டு மேசையில் உட்கார்ந்தார். செடி வாங்க வந்தவர்கள் செடியை விட்டுவிட்டு அவரைப் படம் எடுத்தார்கள். நோட்டீஸுக்கு மானம் போயிற்று. 'பணி நேரத்தில் தலைக்கவசம் அணிவது தடை செய்யப்படுகிறது' என்று பலகையில் குத்தினார். பாதுகாப்புக் கேடயத்துக்கு ஆணி அடித்து வைத்திருக்கும் மனிதர், தலைக்கவசத்துக்குத் தடை போடுகிறோமே என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிப்பதற்கு நோட்டீஸில் இடம் இல்லை போலிருக்கிறது.

சங்கதி முதலாளி காதுக்குப் போயிற்று. "அந்தம்மாவுக்கு என்ன வேணுமோ செஞ்சு குடுங்க" என்று போனில் சொல்லிவிட்டார். நோட்டீஸ் அறைக்குப் போனார், கதவைச் சாத்தினார். பலகையில் ஒரு வரி ஏறியது: 'ஒட்டு மேசையில் உடனடியாகக் கண்ணாடி போடவும்.'

தமிழில் மூக்கின் மேல் ஏறுவதும் கண்ணாடிதான், சன்னலில் பதிப்பதும் கண்ணாடிதான், முகம் பார்ப்பதும் கண்ணாடிதான். இந்த மூன்றில் எது என்று பலகை சொல்லவில்லை. கேட்டால் என்ன என்றால், நோட்டீஸைப் பற்றிச் சந்தேகம் கேட்பது ஒழுங்கீனம் என்று ஏற்கெனவே ஒரு நோட்டீஸ் இருந்தது. ஆகவே பண்ணையின் கார்பென்டர் யாரையும் கேட்கவில்லை. 'போடவும்' என்று வந்தால் அது தனக்குத்தான் என்று அவருக்குத் தெரியும். பழைய ஓய்வறையில் கிடந்த ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கி வந்து, ஒட்டு மேசைக்குப் பின்சுவரில் நாலு திருகாணி போட்டு அசையாமல் மாட்டினார்.

"கண்ணாடி போட்டாச்சு சார்" என்று வந்து சொன்னார்.

நோட்டீஸ் நாற்காலியை விட்டு எழாமலே பதிவேட்டில் 'கண்ணாடி போடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

மறுநாள் காலை ஒட்டக்கா வந்து நின்றார். "சார், இது முகம் பாக்குற கண்ணாடி."

நோட்டீஸ் போய்ப் பார்த்தார். கண்ணாடிக்குள் அவரே நின்று அவரைப் பார்த்தார். இரண்டு முகத்திலும் ஈயாடவில்லை. ஆனால் பதிவேட்டில் போட்ட கையெழுத்தை அழித்து அவருக்குப் பழக்கமில்லை. ஐந்து நிமிடத்தில் பலகையில் அடுத்தது ஏறியது: 'முகத்தில் முள் உள்ளதா என ஊழியர்கள் கண்ணாடியில் சரிபார்த்துக்கொள்ளவும்.'

"குத்தினதுக்கு அப்புறம் பாத்துக்கறதுக்கா சார்?" என்றார் ஒட்டக்கா. ஒட்டக்கா ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டார். கேட்டால் முதலாளிக்குப் போன் போடுவேன் என்ற பார்வை அவரிடம் இருந்ததால், யாரும் கேட்கவில்லை.

எண் நானூற்றுத் தொண்ணூற்றொன்று ஆன அன்று, சங்கத்தின் மாத இதழிலிருந்து படம் எடுக்க ஆள் வருவதாக இருந்தது. எல்லோரும் சாப்பிடப் போன நேரம். செடி வீட்டில் ஈ காக்கை இல்லை. காலையில் மீசைக்கு அடித்த மை மேலுதட்டில் கொஞ்சம் கசிந்திருக்குமோ என்ற கவலை நோட்டீஸுக்கு. அங்கே ஆளுயரத்துக்குக் கண்ணாடி இருக்கிறதே, அதுவும் அவர் உத்தரவில் மாட்டியது. போனார்.

மேசையின் இரண்டு பக்கமும் இடுப்பளவுக்கு உயர்ந்த தூண்கள்ளிகள் நின்றன. நடுவில் குனிந்து எட்டிப் பார்த்தால்தான் மீசை தெரியும். எட்டினார். கண்ணாடிக்குள் ஒரு முள் தன் இடது கன்னத்துக்குக் கிட்டே வருவதைப் பார்த்துவிட்டார். உஷாரான மனிதர். சட்டென்று விலகினார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு விலகினால் எந்தப் பக்கம் விலகுகிறோம் என்று யாருக்குத் தெரியும்? அசல் முள் இருந்த பக்கமே விலகினார். அது இடது கண்ணுக்குள் போயிற்று.

அடுத்த நிமிடம் நடந்ததை அவர் அப்புறம் யாரிடமும் சொன்னதில்லை. அதே கண்ணாடியில், தன் கருவிழியில் வெளிறிய மெல்லிய முள் ஒன்று நட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். நகத்தால் பிடித்து இழுத்தார். வந்தது. முழுசாக வந்ததா என்று பார்க்கவில்லை. பிறகு, பொங்கிய கண்ணீரோடு சேர்த்து நன்றாகக் கசக்கினார். கண்ணில் முள் பட்டால் எதையெல்லாம் செய்யக் கூடாதோ, அதையெல்லாம் ஒன்று விடாமல், வரிசை தப்பாமல் செய்து முடித்தார்.

ஒட்டக்கா சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தார். "என்ன சார், கண்ணு இப்படிச் சிவந்திருக்கு?"

"தூசி."

"இங்க ஏது சார் தூசி? காலைலதான் தரை, சுவர் எல்லாம் தண்ணி அடிச்சோம். முள்ளா இருந்தா சொல்லிடுங்க. கசக்கக் கூடாது, பிடுங்கக் கூடாது. ஒரு காகிதக் கப்பைக் கவுத்து, கண்ணு மேல படாம ஓரத்துல டேப் ஒட்டி, நேரா கண் டாக்டர்கிட்ட போயிடணும். செடி முள்ளு லேசுப்பட்டதில்ல சார்."

"தூசின்னா தூசிதான்மா" என்றார் நோட்டீஸ். இன்னும் ஒன்பது நாள். ஒன்பதே நாள். அதற்குள் 'முள்' என்று வாயைத் திறந்தால் வாசல் பலகையில் சைபரிலிருந்து தொடங்க வேண்டும். அதைவிட, எப்படிக் குத்தியது என்று கேட்பார்கள். மீசை பார்க்கப் போனேன் என்று எந்தப் பத்தியில் எழுதுவது? படம் எடுக்க வந்தவரிடம் வலது பக்கமிருந்தே எடுக்கச் சொன்னார்.

வீட்டில் மனைவி துணியை வாயில் வைத்து ஊதிச் சூடாக்கிக் கண்ணில் ஒற்றினாள். அவளிடமும் தூசிதான். சாயங்காலம் மைத்துனன் வந்தான். டாக்டருக்குப் படிக்க ஆசைப்பட்டு மருந்துக் கடையில் வேலைக்கு உட்கார்ந்துவிட்டவன். நிறைவேறாத ஆசையைச் சொந்தக்காரர்கள் உடம்பில் தீர்த்துக்கொண்டிருந்தான்.

"இதுக்கெல்லாம் எதுக்கு மாமா டாக்டரு? இந்தச் சொட்டு மருந்து போடுங்க. ரெண்டே நாள், கண்ணு பளிச்சுன்னு ஆயிடும்."

பளிச்சென்று ஆகத்தான் செய்தது. சிவப்பு மறைந்தது, வலி அடங்கியது. வினையே அதுதான். அந்த மருந்து, உள்ளே நடப்பதை வெளியே தெரியாமல் அழகாக மூடி வைத்தது. இந்த விஷயத்தில் மருந்துக்கும் நோட்டீஸுக்கும் நல்ல பொருத்தம்.

நானூற்றுத் தொண்ணூற்றேழாம் நாள், செடி வீட்டுக்குள் நுழைந்தவருக்கு எல்லாம் புகை படிந்தாற்போல் தெரிந்தது. 'கண்ணாடிச் சுவர்கள் அழுக்கடைந்துள்ளன. உடனடியாகத் துடைக்கப்படவும்' என்று நோட்டீஸ் போட்டார். இரண்டு பேர் ஏணி போட்டு ஒரு நாள் முழுக்கத் துடைத்தார்கள். மறுநாள் புகை இன்னும் அடர்த்தியாகிவிட்டது. துடைத்தவர்களைக் கூப்பிட்டு அவர் கத்திக்கொண்டிருந்தபோது ஒட்டக்கா வந்து அவர் முகத்துக்கு நேரே நின்றார். ஹெல்மெட்டின் மூடியைத் தூக்கிவிட்டுக் கூர்ந்து பார்த்தார்.

"சார், சுவத்துல ஒண்ணும் இல்ல. உங்க கருவிழில வெள்ளையா ஒரு புள்ளி விழுந்திருக்கு. அந்தக் கண்ணை மட்டும் வெச்சுப் பாருங்க."

நோட்டீஸ் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பலகையைப் பார்த்தார். தான் எழுதிய நோட்டீஸ் தனக்கே தெரியவில்லை. காகிதம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அப்போதுதான் அந்த மனிதர் பயந்தார். நிஜமாகவே பயந்தார். கேடயம், ஆணி, பலகை ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. கண் போய்விடுமோ என்ற ஒரே நினைப்பு.

ஒட்டக்காதான் வண்டி பிடித்துக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். மனைவியும் அடித்துப்பிடித்து வந்து சேர்ந்தாள். டாக்டரம்மா விளக்கை அருகில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்ன பட்டுச்சு?" என்றார்.

பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. "தூசி டாக்டர்" என்றார் நோட்டீஸ்.

"காது குத்தாதீங்க சார்" என்றார் ஒட்டக்கா. "கள்ளி முள்ளு டாக்டர். அந்தக் கண்ணாடிக்கு முன்னால இருக்கற செடில ஒரு முள்ளு மட்டும் ஒடிஞ்சிருக்கு. குனிஞ்சா இவரு கண்ணு உயரத்துக்குச் சரியா இருக்கு. தினமும் பாட்டிலைத் திறந்து என்னமோ சொட்டு வேற விட்டுக்கறாரு."

மனைவி கைப்பையிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா லேபிளைப் படித்துவிட்டுப் பாட்டிலைத் தன் மேசையில் வைத்துக்கொண்டார்.

"தூசிக்கு ஒரு வைத்தியம். செடி முள்ளுக்கு வேற வைத்தியம். செடில பட்டதுன்னா கூடவே பூஞ்சையும் உள்ள போகும். இந்த மருந்து இருக்கே, இதுல ஸ்டீராய்டு இருக்கு. சிவப்பைக் குறைக்கும், பூஞ்சையைக் கொழுக்க வைக்கும். ஒரு வாரமா ஊட்டி வளர்த்திருக்கீங்க. யாரு குடுத்தா?"

"என் தம்பிதான்" என்றாள் மனைவி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அன்னைக்கே வந்திருந்தா?" என்று கேட்டார் நோட்டீஸ்.

"முள்ளை நான் எடுத்திருப்பேன். மருந்து குடுத்து, அடிக்கடி வந்து காட்டச் சொல்லியிருப்பேன். பெரும்பாலும் அதோட முடிஞ்சிருக்கும்."

கருவிழியைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். பூஞ்சை இருந்தது. முள்ளின் நுனியும் உள்ளேயே இருந்தது. ஊசி முனையால் அதை எடுத்தார்கள். மணிக்கொரு தரம் மருந்து, இரவிலும் விடக் கூடாது என்றார்கள். பார்வை திரும்புமா என்று நோட்டீஸ் நாலு தடவை கேட்டார்.

"இப்ப சொல்ல முடியாது. மூணு வாரத்துல பார்வையைச் சோதிப்போம். தேறியிருந்தா மருந்தைக் குறைக்கலாம். மோசமாகியிருந்தா கருவிழியை மாத்தற ஆபரேஷனைப் பத்தி யோசிக்கணும்" என்றார் டாக்டரம்மா.

மூன்று வாரம் மனைவி கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்திருந்து சொட்டு விட்டாள். தம்பி வாசலில் தலை காட்டினால் வெளியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினாள். பண்ணையில் முதலாளி தானே வந்து, ஓரம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியை ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்து, "போட்டுக்கிட்டுத்தான் உள்ள போகணும்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனாராம். ஒரே பகலில் காரியம் முடிந்தது. பலகையில் ஒரு துண்டுக் காகிதம் ஏறவில்லை. இதைக் கேட்டபோது நோட்டீஸுக்குக் கண்ணைவிட நெஞ்சு கொஞ்சம் அதிகமாக வலித்தது.

சோதனை நாள் வந்தது. காத்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால், திறந்த கதவு வழியாக உள்ளே எழுத்து அட்டை தெரிந்தது. மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்ன எழுத்து. நல்ல கண்ணால் நோட்டீஸ் அதைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். பிறகு மெல்ல உதட்டை அசைக்க ஆரம்பித்தார்.

"என்ன முணுமுணுக்கறீங்க?" என்றாள் மனைவி.

"நீ அட்டையைப் பாத்துக்கோ. நான் சொல்றேன், தப்பு இருந்தா திருத்து."

அவள் அவரைப் பார்த்தாள். வேறு சமயமாக இருந்தால் சண்டை பிடித்திருப்பாள். மூன்று வாரமாகத் தூங்காதவளுக்கும் ஆபரேஷன் பயம் இருந்தது. "அஞ்சாவது வரில 'ட'வுக்கு அப்புறம் 'ந', 'ம' இல்ல" என்று திருத்தினாள். முறை வருவதற்குள் ஏழு வரியும் தலைகீழ்ப் பாடம்.

நர்ஸ் வாசலிலேயே அவரது வலது கண்ணை மூடி, கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார். உட்கார்ந்ததுதான் தாமதம், நோட்டீஸ் நிமிர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ப" என்று ஆரம்பித்தார். "ட, ம. க, ல, ய, ந." நிற்கவில்லை. நடுவில் ஓர் எழுத்துக்குக் கொஞ்சம் தயங்குவதுபோல் நடிக்கவும் மறக்கவில்லை. ஐந்தாம் வரியில் 'ட'வுக்கு அப்புறம் 'ந' என்று அழுத்திச் சொன்னார். ஏழாம் வரியை முடித்துவிட்டு மூச்சு வாங்கினார்.

நர்ஸ் கையிலிருந்த சொட்டு மருந்தைக் கீழே வைத்தார்.

"சார்" என்றார் நர்ஸ். "சொட்டு விடலாம்னு உக்கார வெச்சேன். அட்டை உங்க முதுகுக்குப் பின்னால இருக்கு. நீங்க பாத்துக்கிட்டு இருக்கறது பீரோ."

டாக்டரம்மா தன் மேசையிலிருந்து எழுந்து வந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நோட்டீஸுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நான் உங்களுக்கு மார்க் போட இங்க உக்காந்திருக்கலை. நீங்க சொல்றதை வெச்சுத்தான் மருந்தைக் குறைக்கறதா, கத்தி எடுக்கறதான்னு முடிவு பண்ணப்போறேன். தூசின்னு சொன்னதுல ஏற்கெனவே ஒரு வாரம் போச்சு. போனது என் கண்ணு இல்ல."

நோட்டீஸுக்கு மூடிய கண்ணிலும் திறந்த கண்ணிலும் சேர்ந்து நீர் வந்தது. ஐம்பது வயது மனிதர், குழந்தைபோல் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பவில்லை. அவருக்கு நேரே வந்து, கையை நீட்டினார். "அட்டையை விடுங்க. இது எத்தனை விரல்?"

நோட்டீஸ் பார்த்தார். வெளிச்சம் இருந்தது. வெளிச்சத்துக்கு நடுவில் ஏதோ ஒரு நிழல் அசைந்தது. இரண்டு என்று சொல்லலாமா, மூன்று என்று சொல்லலாமா என்று ஒரு கணம் மனசு கணக்குப் போட்டது. பிறகு அதை நிறுத்தினார்.

"கை தெரியுது டாக்டர். விரல் தெரியலை."

டாக்டரம்மாவின் முதுகுக்குப் பின்னால் மனைவி கதவருகே நின்று, உதட்டைக் கடித்துக்கொண்டு, மூன்று விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் அவருக்குத் தெரியவில்லை.